மூன்றாம் நாள் நிறம்

அக்கா முதலில் அடிப்பார், பிறகுதான் கதைப்பார். ஜெர்மனியில் எசன் நகரத்துத் தமிழரில் அவரைத் தெரிந்த யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள், அதையும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அவருக்கு ஒரு பெயர் இருந்தது. கடைப் பலகையில் பெரிய எழுத்தில் இருந்தது. இங்கே அதை எழுதப்போவதில்லை. எழுதியது தெரிந்தால் இந்த வயதிலும் ரயிலேறி வந்து, கன்னத்தில் ஒன்று தந்துவிட்டுத்தான் "எப்பிடிச் சுகம்?" என்று கேட்பார்.

அவரை நான் முதலில் கண்டது என் கலியாணத்தில். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு கிழமைகூட ஆகவில்லை. மாப்பிள்ளையை அதற்கு முன் படத்தில் மட்டும்தான் பார்த்திருந்தேன். வாடகைக்கு எடுத்த மண்டபம், கசெட்டில் நாதஸ்வரம், வெளியே மழை. அக்காவின் கணவர்தான் படமெடுப்பவர். ஒல்லியான, மெல்லப் பேசும் மனிதர். எல்லோருக்கும் அவர் 'அண்ணை'. அக்கா பக்கத்தில் நின்று அவருக்கு வெளிச்சம் பிடித்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் தமையன் தாலிகட்டை வடிவாகப் பார்க்கவென்று முண்டியடித்து வந்து, வயரில் கால் தடுக்கி, நிறுத்தியிருந்த இன்னொரு விளக்கை மணவறைப் பக்கம் சரித்துவிட்டார். அக்கா தன் கையிலிருந்த விளக்கை ஐயரிடம் நீட்டினார். ஐயரும் வாங்கிக்கொண்டார். பிறகு அக்கா திரும்பித் தமையனுக்கு ஒன்று விட்டார். அந்தச் சத்தம் நாதஸ்வரத்துக்கு மேலே கேட்டது.

"வயர் கிடக்கிறது தெரியேல்லையோ? கண்ணை என்ன பிடரியிலையோ வைச்சிருக்கிறியள்?"

மண்டபமே சிரித்தது. குனிந்த தலையோடு நானும் சிரித்தேன். அப்போது மாலைக்குக் கீழே ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்து இறுக்கியது. "சிரிக்காதை" என்றான் மாப்பிள்ளை, உதடு அசையாமல். எலும்பு நொந்தது. தாலி கட்டுவதற்கு முன்பே அந்தக் கை தன் வேலையைத் தொடங்கிவிட்டது. நிமிர்ந்தபோது அக்கா என் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த வருடம் அக்காவிடம் வேலைக்குப் போனேன். ஒரு பெண் நடத்தும் இடம் என்று என் கணவன் விட்டான். கடை மேலே, படம் கழுவும் இருட்டறை கீழே நிலவறையில். அதைக் கெல்லர் என்போம். பக்கத்து அறையில் அந்தக் கட்டடத்தில் குடியிருப்பவர்களின் உடுப்புத் தோய்க்கும் மெஷின்கள். எந்நேரமும் ஏதாவது ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும். படங்களின் ஓரம் வெட்டுவது, அல்பத்தில் ஒட்டுவது, தூசி விழுந்த வெள்ளைப் புள்ளிகளைத் தூரிகையால் மூடுவது, இவைதான் என் வேலை. நெகட்டிவ்வைப் பெரிய படமாக்குவது அக்கா மட்டும். ஜெர்மன்காரரின் பெரிய படக் கழுவுமிடம் ஒன்றில் வேலை செய்து பழகியவர். குள்ளமான உடம்பு, தடித்த முன்கைகள், கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில். வலக்கையில் நீலக்கல் வைத்த பாரமான மோதிரம். அந்த மோதிரத்தை முதுகில் அறியாதவர்கள் அந்தக் கடையில் யாருமில்லை.

எங்கள் எல்லோரையும்விட அவர் கவனமாகப் பார்த்துக்கொண்டது கலர் அனலைசரை. ஒரு றாத்தல் பாண் ரொட்டி அளவில் சாம்பல்நிறப் பெட்டி. மேலே ஒரு முள், கீழே நாலு திருகுகள், வயரின் நுனியில் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு கண். பெருப்பிக்கும் கருவிக்குள் நெகட்டிவ்வை வைத்து விளக்கைப் போட்டால் கீழே உருவம் விழும். அதில் முகத்தின் கன்னத்தில் அந்தக் கண்ணை வைத்தால் மஞ்சள், மஜெந்தா, நீலம், வெளிச்சம் என்று ஒவ்வொன்றுக்கும் முள் ஆடும். நிறம் சரியா பிழையா என்று மெஷினே சொல்லிவிடும் என்று நான் நினைத்திருந்தேன். ஒருநாள் அதை வாய்விட்டுச் சொல்லியும்விட்டேன்.

"இதுக்கு ஒரு கோதாரியும் தெரியாது" என்றார் அக்கா. "முதல்லை நான் மினக்கெட்டு, பேப்பரைக் கொட்டி, ஒரு படத்தைச் சரியாக்கோணும். பேந்து அந்தப் படத்திலை கண்ணை வைச்சு, முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து, இதுதான் சரி எண்டு சொல்லிக்குடுக்கோணும். அதுக்குப் பிறகு எந்த நெகட்டிவ்வைக் குடுத்தாலும் அதை இதோடை ஒத்துப் பாக்கும். நான் பிழையைச் சரி எண்டு சொல்லிக்குடுத்தால் சாகுமட்டும் பிழையைத்தான் சரி எண்டு நிக்கும். விசர்ச் சாமான்."

சொல்லி முடிக்கையில் என் முதுகில் ஒன்று வைத்தார். எதற்கென்று தெரியாது, நான் நின்ற இடம் அப்படி.

ஆரம்பத்தில் அவர் அந்தப் பெட்டிக்கு 'இதுதான் சரி' என்று சொல்லிக்கொடுத்தது பவுடர் இல்லாத, வெயிலில் எடுத்த ஒரு சாதாரண முகத்தை. ஆட்கள் எப்படியோ படமும் அப்படியே வந்தது. அதுதான் வில்லங்கம். ஒரு மாப்பிள்ளையின் தாய் அல்பத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார். "பொம்பிளை கறுத்துப்போய் நிக்கிறாள், சனம் பாத்தால் என்ன சொல்லும்? கொஞ்சம் வெள்ளையாக்கித் தாங்கோ" என்றார். அக்கா அல்பத்தை வாங்கி, பக்கம் பக்கமாகப் பார்த்து, மூடி, அதாலேயே அந்தத் தாயின் தலையில் ஒரு போடு போட்டார். "உன்ரை மருமோள் கறுப்பெண்டால் கறுப்பு. நான் என்ன, சுண்ணாம்போ அடிக்கிறது?" தாய் பொலிசுக்குப் போவேன் என்று கத்த, அண்ணை வாசல்வரை கும்பிட்டுக்கொண்டு போனார். பிறகு இனிப்புப் பெட்டியோடு அவர்கள் வீட்டுக்கும் போனார். இப்படி இன்னும் இரண்டு மூன்று தலைகள் நொந்த பிறகு அண்ணை மெல்லச் சொன்னார், கடை ஓடவேண்டும் என்று.

அக்கா பணிந்தது அந்த ஒரு இடத்தில்தான். முகத்தில் பவுடர் அப்பியிருந்த ஒரு மணப்பெண்ணின் படத்தை எடுத்து, அந்தக் கன்னத்தில் கண்ணை வைத்து, முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்தார். "கலியாண செட்டிங்" என்று அதற்குப் பெயர் வைத்து, திருகுகள் அசையாமல் பிளாஸ்டர் ஒட்டினார். "இனி முழு எசனும் வெள்ளை" என்று தொட்டிக்குள் துப்பினார். அதற்குப் பிறகு வந்த முகங்கள் எல்லாம் ஒரே வெளிச்சம், ஒரே வழுவழுப்பு. சனம் வாயாரப் புகழ்ந்தது. இப்போது ஃபோன்கள் அந்த வேலையைத் தாமாகவே செய்கின்றன. என் மகள் தன் முகத்தை வெளிறவைத்து அனுப்பும் ஒவ்வொரு படத்துக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தத் திருகுகளை யாரும் தொடக்கூடாது. அண்ணை ஒருநாள் தூசி தட்டும்போது தொட்டுவிட்டார். நான் மேலே அல்பம் ஒட்டிக்கொண்டிருந்தேன். கீழே ஒரு சத்தம், பிறகு ஏதோ உருண்ட சத்தம், பிறகு அக்காவின் குரல். அண்ணை புருவத்தில் பஞ்சை அமத்திக்கொண்டு ஏறி வந்தார். "படியிலை விழுந்திட்டன்" என்றார். அவர் அடிக்கடி படியில் விழுவார். எசனில் அது எல்லோருக்கும் தெரிந்த பகிடி. கோயிலிலோ கடையிலோ அவரைக் கண்டால் "என்னண்ணை, இண்டைக்கும் படியோ?" என்பார்கள். அவரும் சிரிப்பார். புருஷன் பெண்சாதிக்கு அடித்தால் குடும்ப விஷயம், பெண்சாதி புருஷனுக்கு அடித்தால் பகிடி. எங்கள் சனத்தின் நியாயம் அவ்வளவுதான். கொதிக்கிற ஆடி மாதத்திலும் அண்ணை முழுக்கைச் சட்டைதான் போடுவார்.

எனக்கு அக்காவைப் பிடித்தது. ஒளிக்காமல் சொல்கிறேன், அந்தக் கையைத்தான் பிடித்தது. வீட்டில் நான் அடி வாங்குகிறவள். பகலில் ஒருத்தி எவன் எவளென்று பாராமல் கைநீட்டுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது நெஞ்சுக்கு இதமாக இருந்தது.

என் கணவனுக்குக் காரணம் வேண்டியதில்லை. சோறு குழைந்தால் அடி, நான் யாரோடும் சிரித்தால் அடி, சிரிக்காமல் இருந்தால் 'என்ன முகத்தை நீட்டுறாய்' என்று அடி. பெரும்பாலும் உடுப்பு மறைக்கிற இடத்தில் அடிப்பான். ஒரு மாலை புட்டு காய்ந்துபோனது என்று கோப்பையை எறிந்தான். பிறகு என் தலைமயிரைப் பிடித்துச் சுவரில் முகத்தை இடித்தான். விழுந்த பிறகும் விடவில்லை. கழுத்தைப் பிடித்தான், கையை முறுக்கினான், உதைத்தான். நான் செத்துப்போவேன் என்று நினைத்தேன். பயமாக இருக்கவில்லை, களைப்பாக இருந்தது.

அடுத்த நாள் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு வேலைக்குப் போனேன். அக்கா சால்வையை ஒரே இழுவையில் இழுத்தார். பார்த்தார். வெட்டும் பலகையைக் குத்தினார், அதிலிருந்த படங்கள் எல்லாம் நிலத்தில் கொட்டின.

"மணவறையிலேயே பாத்தனான் உந்த நாயின்ரை கையை. அண்டைக்கே முறிச்சிருக்கோணும்."

அண்ணை கமெராவை எடுத்து வந்தார். அக்கா அவரை நிறுத்தினார்.

"இண்டைக்கு எடுத்துப் பிரயோசனமில்லை. இண்டைக்கு வீக்கமும் சிவப்பும்தான். எங்கடை தோலிலை மூண்டாம் நாள்தான் நிறம் விழும். அண்டைக்கு எடுப்பம்."

அது அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் கடையின் வெள்ளைச் சுவரோடு என்னை நிறுத்தி அண்ணை படமெடுத்தார். கண், தாடை, கழுத்து, மேல்கை. அக்கா வெளிச்சம் பிடித்தார். எடுத்து முடிந்ததும் கமெரா நிறுத்தும் முக்காலியின் ஒரு இரும்புக் காலைக் கழற்றிக் கைப்பைக்குள் செருகிக்கொண்டு டிராம் ஏறினார். நேரே என் வீட்டுக்குப் போய், கதவைத் திறந்தவனை, வாயிலிருந்து ஒரு சொல் வருமுன் அடித்தார். அவன் தோளும் முழங்கையும் வீங்கியதாகவும், அவன் மேசைக்குக் கீழே புகுந்ததாகவும் சனம் கதைகதையாகச் சொல்லிச் சிரித்தது.

சிரித்தவர்கள் ஒன்றை யோசிக்கவில்லை. அந்த மாலை நான் அந்த வீட்டுக்குத்தான் திரும்பவேண்டும். "அவளை ஏவிவிட்டனியோ?" என்று அவன் கேட்டான். வீங்காத கையாலும் இரண்டு கால்களாலும் கேட்டான். வயிற்றிலேயே குத்தினான், உதைத்தான், வெளியே ஒரு அடையாளம் தெரியாமல். அக்கா கொடுத்த அடி ஒவ்வொன்றையும் நான் வட்டியோடு வாங்கினேன். விடிந்து அவன் வேலைக்குப் போனதும், மாற்று உடுப்பு ஒரு பை நிறைய எடுத்துக்கொண்டு இறங்கியவள்தான். பெண்கள் காப்பகத்தில் இடம் கொடுத்தார்கள்.

காப்பகத்தார் ஒரு பெண் வழக்கறிஞரைப் பிடித்துத் தந்தார்கள். அன்வால்ட் என்று ஜெர்மன் சொல்லால்தான் நாங்கள் சொல்வோம். அவர் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். என் விசா அந்தக் கலியாணத்தில் தொங்குகிறது. சட்டம் சொல்லும் வருடங்கள் முடியுமுன் பிரிந்தால் என்னைத் திருப்பி அனுப்பலாம். அவனோடு வாழவே முடியாது என்று காட்டினால் மட்டும் இங்கே தனியாக இருக்க விடுவார்கள். காட்ட என்ன இருக்கிறது என்று கேட்டார். டொக்டரின் கடிதம் இல்லை, எங்கள் குடும்ப டொக்டர் அவனுடைய சிநேகிதன். ஊரில் அப்போது ஷெல் விழுந்துகொண்டிருந்தது. அம்மா எந்த முகாமில் இருக்கிறார் என்றுகூடத் தெரியாது. அங்கே போனால் ஷெல், இங்கே அவன். நடுவில் எனக்கென்று இருந்தது அந்தப் படங்கள்தான்.

அது கலியாணக் காலம், அக்காவுக்குத் தலைக்கு மேல் வேலை. அவசர அவசரமாகப் படங்களைப் போட்டு, உறையிலிட்டு, அண்ணையிடம் கொடுத்து அனுப்பினார். அந்த முகத்தைத் திரும்பப் பார்க்க மனமில்லாமல் நான் பிரிக்காமலே கொண்டுபோனேன். அன்வால்ட் படங்களை மேசையில் பரப்பி, கண்ணாடியைப் போட்டுக் கழற்றி, திரும்பவும் போட்டுப் பார்த்தார்.

"நல்ல படங்கள்" என்றார். "காயம் எங்கே?"

எட்டிப் பார்த்தேன். மேசையில் மணப்பெண் போல நான் இருந்தேன். வெள்ளையாக, வழுவழுவென்று. கண்ணைச் சுற்றியிருந்த நீலம் வெறும் நிழல். தாடையின் பச்சையும் மஞ்சளும் போன இடம் தெரியவில்லை. அக்கா கலியாண செட்டிங்கை மாற்ற மறந்துவிட்டார். பெட்டி தனக்குச் சொல்லிக்கொடுத்தபடி என் முகத்தைப் பவுடர் பூசிய அந்தக் கன்னத்தோடு ஒத்துப்பார்த்து, அடி அத்தனையையும் அழகாகத் துடைத்துவிட்டது.

"திரும்பவும் போடலாம், நெகட்டிவ் இருக்கிறது" என்றேன். அன்வால்ட் என்னைக் கூர்ந்து பார்த்தார். "போடுங்கள். ஆனால் நிறத்தைக் கூட்டினால் விசா அலுவலகத்தில் கண்டுபிடிப்பார்கள். ஒரு பொய் பிடிபட்டால் மிச்ச உண்மையும் போய்விடும். அங்கே போகவேண்டிய நாள், டேர்மின், வருகிற கிழமை" என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கெல்லருக்கு இறங்கிப்போய் அந்தப் படங்களை அக்காவின் முகத்தில் எறிந்தேன். "இதென்ன, கலியாணத்துக்கோ போட்டனீங்கள்? என்னை என்ன, பொம்பிளை பாக்கவோ வருகினம்?" அவரிடம் அப்படிக் கத்திய ஆள் நான் மட்டும்தான். அடி விழும் என்று நின்றேன். அக்கா ஒரு படத்தைப் பொறுக்கி விளக்கடியில் பிடித்தார். பிறகு தன் தலையில் தானே இரண்டு கையாலும் அடித்துக்கொண்டார், அண்ணை ஓடிவந்து பிடிக்குமட்டும்.

பிளாஸ்டரைப் பிய்த்து எறிந்தார். அன்றைக்கு முழுவதும் வேறு வேலை இல்லை. ஒன்றன்பின் ஒன்றாகப் படம் போட்டார். ஒன்று மிளகாய்த்தூள் நிறம், ஒன்று மைக்கறை நிறம். ஒவ்வொன்றையும் என் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்து, கசக்கிச் சுவரில் எறிந்தார். என் முகம் அதற்குள் ஆறிவிட்டிருந்தது.

"எதோடை ஒத்துப் பாக்கிறது? உனக்கு ஆறிப்போச்சு. என்ரை ஞாபகத்தை நம்பேலாது, எனக்கு அவனிலை இருக்கிற கோவத்துக்கு நான் கூட்டிப்போடுவன். கூட்டினால் பொய் எண்டுவினம், குறைச்சால் ஒண்டும் தெரியாது." தட்டொன்றை எடுத்து நிலத்தில் அடித்தார். "எனக்கு இப்ப ஒரு இரத்தம் கண்டின காயம் வேணும். எங்கடை தோலிலை. என்ரை கண்ணுக்கு முன்னாலை."

அண்ணை தொட்டியில் தட்டுகளைக் கழுவிக்கொண்டு நின்றார். தண்ணீரைப் பூட்டினார். கையைத் துடைத்தார். இடது கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றி, மெல்ல மெல்ல மடித்துத் தோள்வரை ஏற்றினார்.

"இஞ்சேரும்" என்றார். "இதை வைச்சுப் பாரும். மூண்டு நாள்தான் ஆகுது."

முழங்கைக்கு மேலிருந்து தோள்மூட்டுவரை ஊதா. அதன் நடுவில் கறுப்பு, ஓரத்தில் மஞ்சள் படரத் தொடங்கியிருந்தது. அதற்குக் கீழே பழைய காயங்கள், மங்கிப்போய், ஒன்றன்மேல் ஒன்றாக. மோதிரம் பட்ட இடங்களை எனக்கு அடையாளம் தெரிந்தது. பக்கத்து அறையில் யாருடைய உடுப்போ சுற்றிக்கொண்டிருந்தது. அக்கா அடிக்கவுமில்லை, கதைக்கவுமில்லை. இரண்டும் செய்யாமல் அவரை நான் கண்டது அப்போதுதான். படி, படி என்று இத்தனை காலமும் நாங்கள் சிரித்தது இந்தக் கையைப் பார்த்துத்தான்.

"மேலை வாங்கோ" என்றார் அக்கா கடைசியில். கமெராவைத் தானே எடுத்தார். அதே வெள்ளைச் சுவர், அதே ஃபிலிம், அதே வெளிச்சம், இந்தமுறை அதை நான் பிடித்தேன். ஃபிலிமைக் கழுவி, படத்தைப் போட்டு, ஈரம் காயுமுன் பின்முற்றத்துக்குக் கொண்டுவந்தார். குப்பை வாளிகளுக்கு நடுவில், பகல் வெளிச்சத்தில், அண்ணை இரத்தம் எடுக்கக் கொடுப்பதுபோலக் கையை நீட்டிக்கொண்டு நின்றார். அக்கா படத்தைக் காயத்துக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"மஜெந்தா கூடிப்போச்சு" என்று சொல்லிவிட்டுக் கீழே ஓடினார். திரும்பி வந்தார். "மஞ்சள் காணாது, இன்னும் வேணும்." திரும்பவும் ஓடினார். உடுப்புக் கூடையோடு வந்த ஜெர்மன் கிழவி ஒருத்தி எங்களைக் கண்டு நின்றாள்.

"அல்லெஸ் கூட்?" என்றாள். எல்லாம் நலமா என்று அர்த்தம்.

"யா, யா, அல்லெஸ் கூட்" என்றார் அண்ணை, கையை இறக்காமல்.

கடைசியில் படமும் கையும் ஒன்றாக இருந்தன. அக்கா நெடுநேரம் பார்த்தார். தான் செய்ததைத் தானே அங்குலம் அங்குலமாகச் சரிபார்த்தார். "சரி" என்றார். கீழே போய், கருவியில் விழுந்த அந்தக் காயத்தின்மேல் கண்ணை வைத்து, ஒவ்வொரு திருகாகத் திருப்பி முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்தார். அந்தப் பெட்டிக்கு இனி அதுதான் சரி. பிறகு என் நெகட்டிவ்வை வைத்தார். என் முகம் வந்தது. கண்ணைச் சுற்றி ஊதா, தாடையில் பச்சை, கழுத்தில் அவனுடைய விரல்கள் ஒவ்வொன்றும். ஒரு பொட்டுக் கூடவும் இல்லை, ஒரு பொட்டுக் குறையவும் இல்லை. அன்வால்ட் அவற்றைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்தினார். எனக்குத் தனி விசா கிடைத்தது.

அந்தக் கோடை முடிய, எனக்குச் சொந்தமாக ஒரு அறை கிடைத்திருந்த நேரம், அண்ணை கதவைத் தட்டினார். முழுக்கைச் சட்டை. கையில் ஒரு உறை, அதற்குள் அவருடைய கையின் படம். தேத்தண்ணி கொடுத்தேன். குடிக்காமல் வைத்திருந்தார்.

"பிள்ளை, அந்த அன்வால்டின்ரை விலாசம் இருக்கோ?"

நான் அவர் கையிலிருந்த உறையைப் பார்த்தேன்.

"உன்ரை அக்கா நல்லவ. அது எனக்குத் தெரியும். உனக்குச் செய்ததும் தெரியும்" என்றார். "ஆனால் எனக்கு இனி ஏலாது, பிள்ளை."

நான் அந்த அறையில் இருப்பதே அக்காவின் கையால். அந்தக் கடன் பெரிது. ஆனால் என் கணவனைப் பற்றியும் ஊரில் சிலர் 'நல்லவன்' என்றுதான் சொன்னார்கள். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு எழும்பினேன். அண்ணைக்கு ஜெர்மன் வராது, நானே கூட்டிக்கொண்டு போனேன். ஒரு ஆம்பிளை இப்படிச் சொன்னால் சிரிப்பார்களோ என்று வழிமுழுக்கக் கேட்டுக்கொண்டு வந்தார். அன்வால்ட் சிரிக்கவில்லை. அந்த மாதமே அண்ணை பான் நகரில் ஒரு சிநேகிதன் வீட்டுக்குப் போய்விட்டார்.

ஒரு ஞாயிறு காலை அக்கா வந்தார். கொண்டையில் பென்சில் இல்லை. வாசலில் நின்றபடியே கேட்டார்.

"நீதானே கூட்டிக்கொண்டு போனனி?"

"ஓம் அக்கா."

அடித்தார். கேட்டுவிட்டு அவர் அடித்த ஒரே அடி அதுதான். மோதிரம் கன்ன எலும்பில் இறங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டேன். காதுக்குள் இரைந்தது, வாய்க்குள் இரத்தம் உப்பாக வந்தது. கன்னத்தைப் பொத்தவில்லை. அந்த மனுஷிக்கு முன்னால் இனிக் குனிவதில்லை என்றிருந்தது எனக்கு.

"இதையும் எடுத்துத் தாங்கோ அக்கா" என்றேன். "ஆனால் கலியாண செட்டிங்கிலை வேண்டாம்."

அவருடைய கை திரும்பவும் உயர்ந்தது. என் தாடையைப் பிடித்தது. முகத்தை யன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, ஈரப் படத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அவருக்கு மூச்சு வாங்கியது.

"இப்ப எடுத்துப் பிரயோசனமில்லை" என்றார். "இப்ப சிவப்பு மட்டும்தான். நாளையிண்டைக்கு, மூண்டாம் நாள், வா."

போனேன். கடையில் அவர் தனியாக இருந்தார். அதே வெள்ளைச் சுவரோடு நிறுத்தி, வெளிச்சத்தை ஒரு கையிலும் கமெராவை ஒரு கையிலும் பிடித்து எடுத்தார். கீழே போய்ப் படத்தோடு வந்து, என்னைப் பின்முற்றத்துக்குக் கூட்டிப்போய், பகல் வெளிச்சத்தில் அதை என் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். தலையை ஆட்டினார். கெல்லருக்கு இறங்கினார். திரும்பி வந்து பிடித்தார். திரும்பவும் இறங்கினார். கடைசியாக வந்தபோது நெடுநேரம் பார்த்துவிட்டு, ஈரம் சொட்டச் சொட்ட, அடித்த கையாலேயே படத்தை என்னிடம் நீட்டினார்.

"நிறம் சரி" என்றார். "கொண்டுபோய் அந்த அன்வால்டிட்டைக் குடு."